ஒரே முடிச்சு எல்லா நரம்புக்கும் ஆகாது

(நம் கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், தூண்டில் முள் கட்டும் தொழில் செய்துவரும் கடலோரக் குழு ஒன்றின் ஊக்குநர் ஆற்றிய உரை. வர இயலாத உறுப்பினர்களுக்காக, அவர் பேசியபடியே இயன்றவரை இங்கே தரப்படுகிறது.)

 

போன கூட்டத்தில் காளான் வளர்ப்பு பற்றிக் கேட்டோம். இந்த முறை முடிச்சு பற்றிப் பேசச் சொல்லி என்னை நிறுத்தியிருக்கிறார்கள். "முடிச்சுப் போடுறதுல பேச என்னடி இருக்கு, நமக்கெல்லாம் மூணு முடிச்சு தெரியாதா?" என்று பின் வரிசையில் ஒரு அக்கா கேட்டது என் காதில் விழுந்தது. அந்த மூணு முடிச்சை ஒரு தடவைதான் போடுறாங்க அக்கா. நாங்க ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு போடுறோம். அதனால கொஞ்சம் பேச இருக்கு.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு குழு. பன்னிரண்டு பேர். தூண்டில் முள் கட்டிக் கொடுப்பதில் நல்ல பெயர் எடுத்தவர்கள். வெளியூர் வியாபாரி ஒருவர் புதுசாக ஒரு நூல் கொண்டுவந்து கொடுத்து, "வழக்கம்போலக் கட்டிக் கொடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்களும் வழக்கம்போலத்தான் கட்டினார்கள். சுத்தமான கை. முடிச்சு ஒவ்வொன்றும் பார்க்க முத்து மாதிரி. ஆனால் கடலுக்குப் போன தூண்டில் முள் இல்லாமல் திரும்பி வந்தது. மீனும் போச்சு, முள்ளும் போச்சு. கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய நட்டம், அடுத்த வேலை வேறு ஊருக்குப் போய்விட்டது. வங்கிக் கடனில் அவர்கள் வாங்கி வைத்த நரம்புச் சுருள் இரண்டு மாதம் பெட்டியிலேயே கிடந்தது.

அந்தப் பெண்கள் போட்ட முடிச்சில் குறை இல்லை. அது அந்த நூலுக்கு உரிய முடிச்சு இல்லை. இதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

ஒரு முடிச்சு எதனால் நிற்கிறது? உரசலால்தான். நூலின் மேல் நூல் அழுந்தி, நகர முடியாமல் உரசிப் பிடித்துக்கொள்கிறது. நம் பாட்டி காலத்தில் பருத்தி நூல், சணல் நூல். சொரசொரப்பான நூல். தண்ணீர் பட்டால் ஊறிப் பருத்து இன்னும் இறுகும். அதில் எப்படிக் கட்டினாலும் நிற்கும். 1935-இல் அமெரிக்காவில் கரோதர்ஸ் என்கிற விஞ்ஞானி நைலானைக் கண்டுபிடித்தார். பிறகு அது உலகம் முழுக்கப் பரவி நம் கரைக்கும் வந்தது. மக்காது, நிழலில் காயப்போட்டால் போதும், பட்டைச் சாறில் ஊறவைக்க வேண்டாம். எல்லாம் நல்லதுதான். ஆனால் வழவழப்பு. பாட்டி போட்ட முடிச்சு அதில் வழுக்கும்.

இன்றைக்கு நம் கைக்கு வரும் நூல் பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று ஒற்றை இழை நரம்பு. சில ஊரில் தங்கூஸ் என்பார்கள். கண்ணாடி மாதிரி இருக்கும், விறைப்பாக இருக்கும், இழுத்தால் கொஞ்சம் நீளும். இரண்டாவது வலைக்குப் பயன்படும் முறுக்கு நைலான் நூல். மூன்றாவது இப்போது அதிகமாக வரும் பின்னல் நூல், கடையில் பிரெய்டு என்று கேட்டால் தருவார்கள். தலைமுடி பின்னுவது மாதிரி மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்தது. நரம்பை விட மிக மெல்லிசாக இருந்துகொண்டு அதே எடையைத் தாங்கும். இழுத்தால் நீளவே நீளாது. ஆனால் சோப்புத் தடவியது போல வழுக்கும். பக்கத்து ஊர்க் குழுவுக்கு வந்தது இந்த நூல்தான்.

சரி, முள் போய்விட்டது என்று ஒருவர் நூலைக் கொண்டுவந்து காட்டினால் முதலில் என்ன பார்க்கணும்? நுனியைப் பாருங்க. நுனி பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது என்று அர்த்தம். சுருளாமல் வெட்டுப்பட்டது போல இருந்தால் நூல் அறுந்திருக்கிறது. பாறையில் தேய்ந்திருக்கலாம், மீன் பல் பட்டிருக்கலாம், முடிச்சை உலர்ந்தபடி இறுக்கியதில் நரம்பு சூடேறி அந்த இடத்தில் பலம் போயிருக்கலாம். இந்த வித்தியாசம் தெரிந்தால் யார் மேல் பழி என்பதைப் பேச நமக்கும் வாய் இருக்கும்.

உலர்ந்தபடி இறுக்குவது என்றேன். இது எல்லா முடிச்சுக்கும் பொது. இறுக்குவதற்கு முன் நனைக்கணும். கை அகல டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு அதில் தொட்டு எடுங்க. உலர்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உரசலில் சூடு பிறக்கும், அந்தச் சூடு நைலானைக் கெடுக்கும். கண்ணுக்குத் தெரியாது. சில சமயம் முடிச்சுக்குப் பக்கத்தில் நரம்பு வெளுத்துச் சுருக்கம் விழுந்திருக்கும். அப்படித் தெரிந்தால் யோசிக்காமல் வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டுங்க. மெதுவாக, ஒரே சீராக இழுக்கணும்.

இன்னொன்று. நாம் பூ கட்டும்போது, மூட்டை கட்டும்போது போடுகிற சாதாரண ஒற்றை முடிச்சு இருக்கே, அது நரம்பின் நடுவில் எங்காவது தானாக விழுந்துவிட்டால்கூட நரம்பின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சிக்கு எடுக்கும்போது இந்த மாதிரிக் குட்டி முடிச்சு விழுந்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்க்கணும்.

இப்போது ஒவ்வொன்றாக வருகிறேன். நரம்பை எடுத்துக்கொண்டு கூடவே செய்யுங்க.

மெல்லிசு நரம்பு, சின்ன முள். கண்மாயில் கெண்டைக்குப் போடுவது, கரையிலிருந்து வீசுவது, இதற்கெல்லாம் ஐந்து சுற்று முடிச்சு போதும். முள்ளின் காதுக்குள் நரம்பை விட்டு முக்கால் ஜாண் நுனி எடுத்துக்கோங்க. நுனியை நீள நரம்பின் மேல் ஐந்து சுற்று சுற்றுங்க. காதை ஒட்டி ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதற்குள் நுனியை விடுங்க. அப்படி விட்டதும் பெரிய வளையம் ஒன்று உண்டாகும், அதற்குள்ளும் ஒரு தடவை விடுங்க. நனைத்து இழுங்க. சுற்றுகள் ஸ்பிரிங் மாதிரி ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக உட்காரணும். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் அந்த முடிச்சு வேண்டாம். நரம்பு தடிக்கத் தடிக்கச் சுற்றைக் குறைக்கணும், மூன்று அல்லது நான்கு போதும். அதற்கும் மேல் தடித்த நரம்பில் இந்த முடிச்சு சரியாக இறுகவே இறுகாது.

அப்போது என்ன செய்வது? முள் காம்பிலேயே சுற்றிக் கட்டுவதுதான் நல்லது. என்னைக் கேட்டால் கடல் தூண்டிலுக்கு இதற்கு மிஞ்சியது கிடையாது. நரம்பைக் காதுக்குள் விடும்போது முள்ளின் கூர் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து விடணும். இதை மறந்தால் முள் கோணலாக நிற்கும். நுனியைக் காம்போடு படுக்க வையுங்க. அப்புறம் நுனியைத் திருப்பிக் காதுப் பக்கம் கொண்டுவாங்க, ஒரு வளையம் கிடைக்கும். அந்த வளையத்துக்குள் நுனியை விட்டு, காம்பையும் அதோடு படுத்திருக்கும் நரம்பையும் சேர்த்து ஆறு, ஏழு சுற்று. நனைங்க. முதலில் நுனியை இழுங்க, சுற்றுகள் ஒன்றோடொன்று நெருங்கும். பிறகு நீள நரம்பை இழுங்க. முள் காம்பில் வளையல் அடுக்கினது மாதிரி இருந்தால் சரி.

காது இல்லாத முள்ளும் உண்டு, காம்பின் உச்சி தட்டையாக அடித்திருக்கும். அதற்குக் காம்பில் சுற்றிக் கட்டுவது தவிர வேறு வழி இல்லை. அதிலும் நீள நரம்பு கூர் முனைப் பக்கமாகவே வெளியே வரணும். பின்பக்கமாக வந்தால் தட்டையின் விளிம்பில் பட்டுப் பட்டு அறும்.

முள் நம்பர் பற்றி நிறையப் பேருக்குக் குழப்பம் உண்டு. 1, 2, 4, 6, 8 என்று வெறும் நம்பர் ஏறினால் முள் சின்னதாகும். 1/0, 2/0, 3/0 என்று சைபரோடு வந்தால் ஏற ஏறப் பெரிதாகும். அதனால் 6-ம் 6/0-ம் ஒன்று கிடையாது, எறும்பும் யானையும். ஆர்டர் எடுக்கும்போது நோட்டில் சைபரைச் சேர்த்தே எழுதுங்க. ஒரே நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஆகவே மாதிரி முள் ஒன்றை நோட்டிலேயே ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து பின்னல் நூல். இதற்கு ஐந்து சுற்று முடிச்சு ஆகவே ஆகாது. நூலை இரட்டையாக்கிக் கட்டணும். பாலோமர் முடிச்சு என்று இதற்குப் பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மூன்றிலும் இதுதான் சுலபம். ஒரு ஜாண் நூலை இரட்டையாக மடித்து அந்த மடிப்பைக் காதுக்குள் விடுங்க. இரட்டை நூலாலேயே ஒரு சாதாரண முடிச்சு, இறுக்காமல் தளர்வாக. முள் கீழே தொங்கும். இப்போது மடிப்பு வளையத்தை விரித்து முள் முழுசும் அதற்குள் புகுந்து வரும்படி செய்யுங்க. நனைத்து, நீள நூலையும் நுனியையும் சேர்த்துப் பிடித்து இழுங்க. இரண்டு நூலும் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கணும், கவனம் அதில்தான். நுனியை ஒட்ட வெட்டாமல் ஒரு நெல்மணி நீளம் விடுங்க. பின்னல் நூலை இழுக்கும்போது விரலை வெட்டும், ஒரு துணி சுற்றிக்கோங்க.

பின்னல் நூலையும் நரம்பையும் ஒன்றோடு ஒன்று சேர்க்கச் சொல்லி இப்போது வேலை வருகிறது. மேலே பின்னல், முள் பக்கம் மட்டும் ஒரு பாகம் நரம்பு. பாறையில் தேய்ந்தால் நரம்பு தாங்கும், பின்னல் தாங்காது, அதனால். இரண்டையும் எதிரெதிராகப் படுக்க வைத்து, இதன் நுனியால் வளையம் போட்டு வளையத்துக்குள்ளேயே சுற்றி இறுக்கணும், அதன் நுனியாலும் அதே மாதிரி. பிறகு இரண்டு நீளத்தையும் இழுத்தால் இரண்டு முடிச்சும் நகர்ந்து வந்து ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும். முள் காம்பில் போட்ட அதே கை வேலைதான், காம்பு மட்டும் இல்லை. நரம்புப் பக்கம் நான்கு சுற்று போதும், பின்னல் பக்கம் எட்டு வேணும். வழுக்குகிற நூலுக்குச் சுற்று கூட, அவ்வளவுதான் கணக்கு.

வஞ்சிரத்துக்கும் ஊளிக்கும் பல் கத்தி மாதிரி. அதற்கு முள்ளை ஒட்டிக் கம்பி வைப்பார்கள். கம்பியில் முடிச்சு நிற்காது, முறுக்கணும். காதுக்குள் விட்ட கம்பியின் இரண்டு பக்கத்தையும் ஒன்றை ஒன்று சமமாகத் தழுவும்படி நான்கைந்து முறுக்கு. அப்புறம் நுனியை மட்டும் நெருக்கமாக நான்கைந்து சுற்று. மிச்சத்தைக் கட்டரால் வெட்டினால் முள் மாதிரி நீட்டி நின்று கையைக் கிழிக்கும். அதனால் வெட்டாமல் மடக்கி முன்னும் பின்னும் ஆட்டினால் ஒட்ட முறிந்துவிடும்.

ஆயிரங்கால் தூண்டிலுக்கு வரும் தடித்த நரம்புக்கு முடிச்சே வேண்டாம். உலோகக் குழாய்த் துண்டு போட்டு அழுத்துவார்கள். குழாய் நரம்பின் தடிமனுக்குப் பொருத்தமாக இருக்கணும், அதற்கென்று உள்ள பிளேயரால் அழுத்தணும். அம்மிக் குழவியால் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நரம்பு உள்ளே நசுங்கிவிடும், வெளியே தெரியாது. அந்தப் பிளேயர் கொஞ்சம் விலைதான். நான்கு குழு சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

வலை பொத்துகிற அக்காமார் நிறையப் பேர் வந்திருக்கீங்க. உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. ஊசி நூலைக் கண்ணுக்குள் விட்டு, அதன் இரண்டு காலையும் பின்னால் சுற்றி, தன் நூலுக்கு அடியிலேயே நுழைத்து இறுக்குகிறீர்களே, உலகம் முழுக்க வலை முடிச்சு என்றால் அதுதான். நைலானுக்கு மட்டும் அந்தப் பின் சுற்றை இரண்டு தடவை போடணும். ஒரு சுற்றோடு விட்டால் கண் நகர்ந்து, ஒரு கண் பெரிதாகவும் பக்கத்துக் கண் சின்னதாகவும் ஆகிவிடும். நூலும் நேரமும் கொஞ்சம் கூடும். அந்த நேரத்துக்குக் கூலி கேட்பதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

கட்டின பிறகு சோதித்துப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் இல்லை. இதற்கு மிஷின் வேண்டாம், பிளாஸ்டிக் வாளி போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நரம்புச் சுருளில் 10 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால், முள்ளை உத்திரத்து ஆணியில் மாட்டி, கீழ் நுனியை வாளிப் பிடியில் நாலைந்து சுற்று சுற்றிக் கட்டுங்க. ஒவ்வொரு லிட்டராக ஊற்றுங்க. நல்ல முடிச்சு ஏழு, எட்டு லிட்டருக்கு அசையாமல் நிற்கணும். நாலைந்திலேயே போனால் அந்தக் கட்டு ஆகாது. வாளி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் வேண்டாம், முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், அறுந்தால் நரம்பு சுண்டிக் கண்ணில் அடிக்கும். நூறு முள்ளுக்கு இரண்டை இப்படிப் பார்த்து, தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்தால் வியாபாரி முன்னால் பேசும்போது அந்த நோட்டு பேசும்.

இப்போது உடம்பு விஷயம். நரம்பைப் பல்லால் கடிக்காதீங்க. நகவெட்டி பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும், கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டிக்கோங்க. நரம்பைக் கடித்தால் பல் மட்டும் தேயும். ஈயக்குண்டைக் கடித்தால் கதை வேறு. பிளந்த ஈயக்குண்டை நரம்பில் வைத்துக் கடைவாய்ப் பல்லால் அழுத்துகிற பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் இருக்கு. ஈயம் விஷம். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் விடாது. கர்ப்பமாக இருக்கிற தங்கச்சிகளுக்கு ஈய வேலையே கொடுக்காதீங்க, முள் கட்டுகிற வேலை கொடுங்க. ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்குவது, அதே சட்டியில் பிறகு எதையாவது சமைப்பது, இரண்டும் கூடவே கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளைக்குச் சோறு ஊட்ட வேண்டாம். ஈயக்குண்டு கோலி மாதிரி இருக்கும், பிள்ளைகள் வாயில் போடும். மூடி போட்ட டப்பாவில், உயரத்தில் வைங்க.

முள் குத்தினால், மீசை முள் தோலுக்குள் போய்விட்டால், வந்த வழியே பிடுங்காதீங்க, சதையைக் கிழித்துக்கொண்டு வரும். அப்படியே துணியால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. டி.டி. ஊசியும் கேட்டுப் போட்டுக்கோங்க.

கூலிக்கு வருகிறேன். கணக்குக்காகச் சொல்கிறேன், நிஜக் கூலி ஊருக்கு ஊர் வேறு. ஐந்து சுற்று முடிச்சு ஒரு மணி நேரத்தில் அறுபது கட்டலாம் என்று வைங்க. முள்ளுக்கு ஒரு ரூபாய் என்றால் அறுபது ரூபாய். காம்பில் சுற்றிக் கட்டுவது மணிக்கு நாற்பதுதான் வரும். அதற்கும் ஒரே ரூபாய் வாங்கினால் கைக்கு வருவது நாற்பது. நல்ல வேலை செய்கிறவளுக்கு இருபது ரூபாய் அபராதம் என்று ஆகிறது! அதனால் அந்த முடிச்சுக்கு ஒன்றரை ரூபாய் கேட்கணும். "முள்ளு கட்ட இவ்வளவா" என்பார்கள். முடிச்சு வகைக்கு ஒரு விலை என்று எழுதிக் காட்டுங்க. நரம்பு யார் கொடுப்பது, சேதாரம் யாருக்கு, எந்த முடிச்சு வேண்டும் என்று கேட்டது யார், மூன்றையும் ஆர்டர் நோட்டில் எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போட்டபின் சுருளைப் பிரிங்க. புது நூல் வந்தால் முதல் நாள் பத்து முள் மட்டும் கட்டி, வாளியில் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் மிச்சம். பக்கத்து ஊர்க் குழு இப்போது அப்படித்தான் செய்கிறது. அவர்களுக்கு வேலை திரும்பி வந்துவிட்டது, பிரெய்டு வேலையும் எடுக்கிறார்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலையும் தூண்டிலும் புதுசு பண்ணுவது அப்போதுதான். ஆர்டர் பிடிக்கணும் என்றால் மார்ச் மாதமே போய்க் கேட்கணும். தடைக்காலம் தொடங்கின பிறகு போனால் வேலை வேறு கைக்குப் போயிருக்கும்.

ஒரு தங்கச்சி கை தூக்குறாங்க. சொல்லும்மா. "பழைய நரம்பை மறுபடி கட்டலாமா?" நல்ல கேள்வி. வெயிலில் கிடந்த நரம்பு பலம் இழந்துவிடும். நகத்தால் கீறிப் பாருங்க, சொரசொரப்பாக, மங்கலாக இருந்தால் வேண்டாம். அதைக் கடற்கரையில் வீசிவிடவும் கூடாது, காகத்தின் காலிலும் ஆமையின் கழுத்திலும் மாட்டும். துண்டு துண்டாக வெட்டிச் சாக்கில் போட்டு வைங்க, கூட்டமைப்பு வண்டி வரும்போது பழைய பிளாஸ்டிக்கோடு கொடுத்துவிடலாம்.

இப்போது ஆளுக்கு ஒரு பாகம் நரம்பும் இரண்டு முள்ளும் அந்த மேசை மேல் இருக்கு. முள் முனையில் சின்ன ரப்பர் குழாய் சொருகியிருக்கேன், பழகும்வரை அதைக் கழற்ற வேண்டாம். பக்கத்தில் தண்ணீர் டம்ளர் இருக்கு. வலது பக்க வரிசை காம்பில் சுற்றிக் கட்டுங்க, இடது பக்க வரிசை பாலோமர். வாளியை நான் வாசல் உத்திரத்தில் மாட்டிவிட்டு வருகிறேன்.